ஒட்டக்கூத்தர் பக்கத்துல யாரு நிக்கிறது?

பரிட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது இடைக்கால இலக்கியத்தை இன்னொரு தடவை புரட்டச் சொன்னா எந்தப் பிள்ளை புரட்டும், சொல்லுங்க? சாயங்காலம் என்கிட்ட பாடம் கேட்க வர்ற பி.ஏ. தமிழ் பசங்களும் அப்படித்தான். அதனால ஒரு விளையாட்டு வெச்சேன். ஆளுக்கொரு சீட்டு, சீட்டுல ஒரு புலவர் பேரு. காலவரிசைப்படி சுவரோரமா நிக்கணும். நிபந்தனை ஒண்ணுதான். "நான் இங்கதான் நிப்பேன்"னு சொன்னா அதுக்கு ஒரு சாட்சி சொல்லணும். நோட்ஸ்ல இருக்கிற நூற்றாண்டை ஒப்பிச்சா செல்லாது. நூலுக்குள்ள எந்த ராஜா, எந்த வள்ளல் பேரு வருதுன்னு சொல்லணும்.

முதல் மூணு பேர் சுலபமா நின்னுட்டாங்க. கலிங்கத்துப்பரணி பாடின செயங்கொண்டாருக்கு 1070ல் பட்டத்துக்கு வந்த முதல் குலோத்துங்கன் சாட்சி; கலிங்கத்துக்குப் படை நடத்திப் போனது கருணாகரத் தொண்டைமான். ஒட்டக்கூத்தருக்கு ஒண்ணுக்கு மூணு சாட்சி. விக்கிரம சோழன் (1118), இரண்டாம் குலோத்துங்கன் (1133), இரண்டாம் ராஜராஜன் (1146), மூணு பேர் மேலயும் உலா பாடியிருக்கார். அப்பா, பிள்ளை, பேரன்! (மூணு முதலாளி மாறியும் வேலை போகாத ஆள். நம்ம ஐ.டி. மக்கள் கவனிக்கவும் :-)) சேக்கிழார் பெரிய புராணத்துல அநபாயனைச் சொல்றார், அது இரண்டாம் குலோத்துங்கனோட பட்டப்பேர். அதனால அவர் கூத்தருக்குப் பக்கத்துலயே.

தகராறு புகழேந்தியில ஆரம்பிச்சுது. சீட்டு வெச்சிருந்த பொண்ணு நேரா போய் ஒட்டக்கூத்தரை ஒட்டி நின்னுடுச்சு. "ரெண்டு பேருக்கும் சண்டை சார், ஊருக்கே தெரியும்!" தெரியும்தான். ஆனா அந்தக் கதையெல்லாம் வினோதரசமஞ்சரி மாதிரி பிற்காலப் புத்தகங்கள் வழியா நமக்கு வந்தது. அது 19ஆம் நூற்றாண்டு சரக்கு. நளவெண்பாவுக்குள்ள தேடினா சோழனைக் காணோம். திரும்பத் திரும்ப வர்றது மள்ளுவநாட்டுச் சந்திரன் சுவர்க்கி. அவனை வெச்சு 13ஆம் நூற்றாண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்தப் பொண்ணு முணுமுணுத்துக்கிட்டே நாலடி தள்ளி நின்னுச்சு. கதையில நாலு பேரு ஒரே சபையில உக்காந்திருந்தா பரிட்சைத் தாள்லயும் அப்படியே உக்கார வெச்சிடறோம். நம்ம இலக்கிய வரலாற்றுக்குப் புடிச்ச பெரிய வியாதி இதுதான்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து கம்பர். வசமா மாட்டினார். "சடையப்ப வள்ளல் சார்"னான் பையன். சரி, சடையப்பன் எப்போ இருந்தார்? பதில் இல்லை. அவர் கல்வெட்டு வெட்டி ஆண்டு போட்ட ராஜா இல்லையே. ஒரு தனிப்பாட்டு சகம் 807ன்னு கணக்கு சொல்லுது, அதாவது கி.பி. 885. அதை நம்பினா கம்பர் வரிசையில முதல் ஆளாப் போகணும். ஆனா தனிப்பாட்டு யாரு எப்போ எழுதிச் சேர்த்ததோ! இன்னொரு பக்கம், ராமாயணத்துக்குள்ளயே தியாகமா விநோதன்னு ஒரு சோழன் வர்றான். அது 1178ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கன்தான்னு ஒரு கட்சி. போதாததுக்கு சீவக சிந்தாமணியோட வாசனை கம்பர்கிட்ட தூக்கலா அடிக்குது. சிந்தாமணிக்கே 10ஆம் நூற்றாண்டுன்னுதான் பலரும் சொல்றாங்க. நான் 12ஆம் நூற்றாண்டுக் கட்சி. தனிப்பாட்டை விட நூலுக்குள்ள இருக்கிற சாட்சி எனக்குப் பெரிசு.

பையன் விடலை. "சார், அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டு மார்க் கேள்வியில எதை எழுத?" நியாயமான கேள்வி. திருத்துறவர் கையில விடைக்குறிப்பு இருக்கும், அதுல ஒரு நம்பர்தான் இருக்கும். 12ன்னு எழுது, இடம் இருந்தா "9 என்பாரும் உளர்"னு ஒரு வரி சேர்த்துக்கோன்னு சொன்னேன். "உளர்"னு போட்டா மார்க் குறைக்க மனசு வராதாம், பசங்க கண்டுபிடிப்பு.

பின்னாடி நின்னவங்களுக்குப் பிரச்சினை இல்லை. அருணகிரிநாதர் திருப்புகழ்லயே பிரபுடதேவராயனைச் சொல்லிட்டார். காளமேகத்துக்குத் திருமலைராயன் இருக்கான். ரெண்டும் 15ஆம் நூற்றாண்டு.

கடைசியா மிச்சம் இருந்தது ஔவையார். அந்தச் சீட்டு வெச்சிருந்தவன் சுவத்துக்கும் வாசலுக்குமா ரெண்டு நடை நடந்தான். அதியமானைச் சாட்சி சொன்னா சங்ககாலம், வரிசையில இடமே இல்லை, வெளிய போகணும். ஆத்திசூடியைச் சொன்னா சோழர் காலம், உள்ள வரலாம். சட்டுனு சீட்டை ரெண்டாக் கிழிச்சு ஒண்ணை வாசப்படியில வெச்சுட்டு, இன்னொண்ணோட வந்து கம்பர் பக்கத்துல நின்னான்.

யாரும் ஆட்சேபணை சொல்லலை.