குற்றாலம் சித்திரசபை ஓவியங்களும் எண்மிய ஒளிப்படச் சான்றும்: ஒளியுணரி வளர்ச்சியும் அச்சுத்தரமும்

முன்னுரை

ஆடல்வல்லானின் ஐந்து சபைகளுள் தென்காசி மாவட்டத்துக் குற்றாலத்தில் அமைந்த சித்திரசபை தனித்தன்மை உடையது. இங்கு வழிபடுபொருளே ஓவியமாகும். உட்சுவர்களிலும் புராணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. சாரல் காலத்து ஈரக்காற்று வீசும் இத்தகைய இடங்களில் சுவரோவியங்கள் மங்குவதும் பின்னர்ப் புதுப்பிக்கப்பெறுவதும் இயல்பு. புதுப்பித்தபின், முந்தைய கோட்டிற்கும் வண்ணத்திற்கும் ஒளிப்படமே சான்றாக எஞ்சுகிறது. எனவே, ஒளியுணரி எதைப் பதிந்தது, அச்சுத்தாள் அதில் எதைக் காட்டியது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒளிப்படச்சுருள் காலம்

தென்னாட்டுக் கோயில்களை ஒளிப்படமாகப் பதியும் முயற்சி பழமையானது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்சுருளாக இணைத்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் கோயில்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிந்துவந்தது. கல்வெட்டிற்கும் சிற்பத்திற்கும் அம்முறை பெரிதும் பயன்பட்டது; ஓவியத்தின் வண்ணம் அதில் இடம்பெறவில்லை. வண்ணச்சுருளுக்கோ ஒளி குறைந்த மண்டபத்தில் நீண்ட ஒளிபடு நேரம் தேவைப்பட்டது. அதன் சாயமும் நாளடைவில் மங்கியது.

ஒளியுணரியின் வளர்ச்சி

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் சி.சி.டி. கருவியை உருவாக்கினர். 1976இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வண்ண வடிப்பான் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். இவ்வமைப்பில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது. ஏனைய இரண்டும் அண்டைப் பிக்சல்களைக் கொண்டு கணிக்கப்பெறுகின்றன. ஆகவே, எண்மியப் படத்தின் வண்ணம் முழுவதும் நேரடி அளவீடு அன்று.

பிக்சல் எண்ணிக்கையே தரம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இதனை நிக்கான் நிறுவனத்தின் இரு கருவிகள் மறுக்கின்றன. 2004இல் அறிவிக்கப்பெற்ற டி2எக்ஸ் 12.4 மெகாபிக்சல் கொண்டது. அதன் இயல்பான ஐ.எஸ்.ஓ. உச்சம் 800. 2007இல் வந்த டி3 கருவியில் பிக்சல் 12.1 மெகாபிக்சலாகக் குறைந்தது; ஐ.எஸ்.ஓ. உச்சமோ 6400 ஆயிற்று. பெரிய உணரியில் ஒவ்வொரு பிக்சலும் மிகுந்த ஒளியைத் திரட்டியது இதற்கு ஒரு காரணம். செயற்கை ஒளி பாய்ச்சலாகாத ஓவிய மண்டபத்திற்கு இவ்வெட்டு மடங்கு உயர்வே உண்மையான பயன்.

அச்சின் எல்லை

ஆப்செட் அச்சிற்கு அங்குலத்திற்கு 300 பிக்சல் போதுமெனக் கொள்வர். 8.5 × 5.5 அங்குலப் பக்கம் முழுவதையும் நிரப்ப ஏறத்தாழ 4.2 மெகாபிக்சல் போதும். அதற்கு மேற்பட்ட நுட்பம் அப்பக்கத்தில் புலப்படாது. ஆயினும் அது வீணன்று. 3 மீட்டர் அகலச் சுவர்ப்பகுதியை ஒரே படமாக எடுத்தால், டி2எக்ஸ் கருவியில் ஒரு பிக்சல் 0.7 மில்லிமீட்டரையும், 2019இல் வந்த 61 மெகாபிக்சல் சோனி கருவியில் 0.32 மில்லிமீட்டரையும் குறிக்கும். தூரிகைக் கோட்டின் விளிம்பை ஆராய்பவருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. அது மூலக்கோப்பில் மட்டுமே கிடைக்கும்.

வண்ணத்தில் சிக்கல் மேலும் பெரிது. நான்கு மைகளால் அச்சாகும் பக்கம், உணரி பதிந்த செறிந்த வண்ணங்கள் அனைத்தையும் ஏற்பதில்லை. தாளும் மையும் மாறினால் சாயலும் மாறும். எனவே, வெவ்வேறு பதிப்புகளில் வந்த அச்சுப்படங்களை ஒப்பிட்டு, 'ஓவியத்தின் வண்ணம் மாற்றப்பெற்றது' என முடிவுகூறல் பிழைக்கு இடந்தரும். சுவரில் நிகழ்ந்த மாற்றத்தையும் அச்சில் நிகழ்ந்த மாற்றத்தையும் பிரித்தறிய, படத்துள் வண்ண அட்டையும் அளவுகோலும் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

ஒளியுணரி வளர்ந்த அளவிற்கு அச்சுப்பக்கம் வளரவில்லை. ஆகவே, ஆய்வேட்டில் இடம்பெறும் படம் சான்றின் சுருக்கமே. சான்று, மாற்றப்படாத மூலக்கோப்பாகும். எடுத்த நாள், ஒளிநிலை, கருவி ஆகிய குறிப்புகளுடன் அக்கோப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைப்பது ஆய்வு நெறியாக வேண்டும். தென்காசி காசிவிசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைக் காப்போரை வணங்குவதாகக் கல்லில் பொறித்தான். கல்லுக்கே காப்பவர் தேவையெனில், ஓவியத்திற்கும் அதன் படக்கோப்பிற்கும் அத்தேவை மிகுதி.