துடைப்பமும் சபையும்

பள்ளிக்கூடம் துப்புரவாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், அதற்கு வழி என்ன என்று கேட்டவுடன் கருத்துகள் பலவாகிவிடுகின்றன. சுவரில் எழுதிய நல்வாசகமும், மேலதிகாரி வரும் நாளன்று தூவப்படும் சுண்ணாம்புப் பொடியும் போதும் என்று எண்ணுவோர் உண்டு. பிள்ளைகளையே கூட்டி வைத்து, 'நம் பள்ளியில் நோய் எங்கிருந்து வருகிறது? அதற்கு நாம் என்ன செய்யலாம்?' என்று கேட்க வேண்டும் என்போரும் உண்டு. இந்த இரண்டாவது வழியை நம் நாட்டிலேயே நடத்திக் காட்டிய பள்ளி ஒன்றின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம்.

வார்தா நகரை அடுத்துச் சேகாவ் என்றொரு சிற்றூர். 1936-ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கே குடியேறினார். அவ்வாண்டே மலேரியாக் காய்ச்சல் அவரையும் படுக்கையில் தள்ளிற்று. பின்னாளில் சேவாகிராமம் என்று பெயர் பெற்றது அவ்வூர்தான். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை ஏற்றுக்கொண்டது. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு பாடத்திட்டம் வகுத்தது. அடுத்த ஆண்டு இந்துஸ்தானி தாலிமி சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பணியாற்றிய அவரும், அவர் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமப் பள்ளியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தனர். சென்னை வேப்பேரியில் ஆசிரியப் பணி புரிந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையாரும் பிற்பாடு அங்குச் சென்று தொண்டாற்றினார்; அக்கல்வியின் கதையை நூலாகவும் எழுதினார்.

ஆதாரக் கல்வியில் சுகாதாரம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடமன்று. அது செயலில் தொடங்கிக் கேள்வியில் வளர்வது. எடுத்துக்காட்டாகக் கிணற்றடியை எண்ணிப் பாருங்கள். அங்கே நீர் தேங்குகிறது; நீரில் கொசுப்புழு நெளிகிறது. 'இது எங்கிருந்து வந்தது?' என்று ஒரு சிறுவன் கேட்கிறான். அக்கேள்வியிலிருந்து விஞ்ஞானப் பாடம் பிறக்கிறது. வாய்க்கால் வெட்ட எத்தனை முழம் என்று அளக்கும்போது கணக்கு வருகிறது. வெட்டிய வாய்க்கால் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று பேசும்போது குடிமைப் பயிற்சி வருகிறது.

அப்பேச்சுக்கு இடமளித்ததே சேவாகிராமப் பள்ளியின் தனிச்சிறப்பு. மாணவர் அனைவரும் கூடும் பொதுச்சபை ஒன்று அங்கே இருந்தது. 'ஆம் சபா' என்பது அதன் பெயர். துப்புரவு, உணவு, உடல்நலம் முதலிய ஒவ்வொரு துறைக்கும் மாணவரே தம்முள் ஒருவரை அமைச்சராகத் தேர்ந்தனர். அமைச்சர் தம் பணியின் அறிக்கையைச் சபைமுன் வைக்க வேண்டும். குறை கண்டோர் கேள்வி கேட்கலாம். கையில் உள்ள பணத்துக்குள் சத்துள்ள உணவை எவ்வாறு அமைப்பது என்பதும் மாணவரின் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

இதில் இன்னும் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. மலக்குழியை மண்ணிட்டு மூடி எருவாக்கும் வேலையும் அங்கே கல்வியின் பகுதி. அந்த வேலையைச் சில சாதியார் தலையிலேயே சுமத்தி வந்த சமுதாயம் நம்முடையது. சேவாகிராமத்தில் எல்லாரும் முறை வைத்து அதைச் செய்தனர். எந்தப் பிறப்பில் வந்தவராயினும் முறை வந்தால் துடைப்பத்தை எடுக்க வேண்டும். சபையிலோ எல்லாருக்கும் ஒரே குரல். உடலின் நோயையும் சமுதாயத்தின் நோயையும் ஒருங்கே தீர்க்க முனைந்த முயற்சி அது.

பின்னர் என்ன ஆயிற்று? ஆதாரக் கல்வி நாடெங்கும் பரவியது. நம் மாநிலத்திலும் காந்திகிராமம் முதலிய இடங்களில் வேரூன்றியது. ஆனால், பல பள்ளிகளில் தக்ளி வந்ததேயன்றிச் சபை வரவில்லை. நூல் நூற்பதும் முற்றம் பெருக்குவதும் கட்டளைக்குச் செய்யும் சடங்காயின. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு 'வேலை அனுபவம்' என்ற புதுப்பெயரை முன்வைத்தது. பழைய திட்டம் மெல்ல மறைந்தது.

எனினும் கருத்து மறையவில்லை. 1978-இல் லண்டனில் டாக்டர் டேவிட் மார்லி முதலியோர் 'குழந்தைக்குக் குழந்தை' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். ஒரு குறையைத் தேர்தல், விவரம் திரட்டுதல், கூடிப் பேசுதல், திட்டமிடல், செய்தல், விளைவை அளத்தல் என்பது அதன் முறை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்வது குழந்தைகளின் உரிமை என்றது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது.

ஆயினும், சில பள்ளிகளில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ ஏவினர் என்ற செய்தி இன்றும் அவ்வப்போது வெளிவந்து நம்மைத் தலைகுனிய வைக்கிறது. துடைப்பம் என்னவோ ஒன்றுதான். கூடித் தீர்மானித்து எல்லாரும் முறை வைத்து எடுக்கும்போது அது கல்வி. சிலரை மட்டும் ஏவி எடுக்கச் செய்யும்போது அது கொடுமை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சபையே.

சபை கூட்டுவது அரிய செயலன்று. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதும், அதற்கு அஞ்சிச் சிறுமியர் பகல் முழுவதும் நீர் அருந்தாதிருக்கின்றனர் என்பதும் எந்தப் பதிவேட்டிலும் இராது. பிள்ளைகளைக் கேட்டால்தான் தெரியும். பலர்முன் பேசக் கூசும் பெண்பிள்ளைகளை ஆசிரியைமார் தனியே கூட்டிக் கேட்கலாம். கேட்டபின், சொன்னதில் ஒன்றையேனும் அந்த மாதத்திலேயே நிறைவேற்றிக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு வாளாவிருப்பின், அடுத்த முறை பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். தாழ்ப்பாள் வந்துவிட்டால், தம் சொல்லுக்குப் பயன் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த அறிவோடு வளர்ந்தவர்கள் நாளை தம் ஊரின் குளத்துக்காகவும் வாய் திறப்பார்கள்.