ஆதரவும் பொறுப்பும் வட்டம்

ஆதரவும் பொறுப்பும் வட்டம் என்பது, பாலியல் குற்றத்துக்கான தண்டனையை முடித்துச் சிறையிலிருந்து வெளிவரும் ஒருவரைச் சுற்றித் தன்னார்வலர் சிலர் அமைத்துக்கொள்ளும் சிறு குழு ஆகும். வெளிவந்தவர் மீண்டும் சமூகத்தில் வாழ உதவுவதும், அவர் மீண்டும் குற்றம் செய்யாதபடி அவரிடம் கணக்குக் கேட்பதும் இக்குழுவின் இரு கடமைகள். 1994 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஹமில்ட்டன் நகரில், ஒரு மெனோனைட் கிறித்தவ சபையில் இது தோன்றியது. இரண்டாம் வாய்ப்பை ஆதரிப்போரும்கூடச் சிறுவர்களுக்கு எதிராகக் குற்றம் புரிந்தோரை அதிலிருந்து விலக்கிவிடுவது வழக்கம். விலக்கப்பட்ட அப்பிரிவினரிடமிருந்தே தொடங்கியது இம்முயற்சியின் தனித்தன்மை.

பின்னணி

கனடாவின் நடுவண் சிறைகளில் குறித்த கால தண்டனை பெற்றோர், பொதுவாக அதன் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் அலுவலர் ஒருவரின் கண்காணிப்பில் வெளியே விடப்படுவர். ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரைத் தண்டனையின் கடைசி நாள் வரை சிறையிலேயே வைத்திருக்க 1986 இல் ஒரு சட்டம் இடமளித்தது. இதனால் எதிர்பாராத விளைவு ஒன்று ஏற்பட்டது. தண்டனை முழுவதும் முடிந்தவர் மீது சிறைத்துறைக்கு அதிகாரம் இல்லை. ஆகவே மிகவும் ஆபத்தானவர் எனப்பட்டவர்களே கண்காணிப்பும் உதவியும் இன்றித் தெருவுக்கு வந்தனர். இவர்களுள் பலரைக் குடும்பத்தினர் கைவிட்டிருந்தனர்; வாடகைக்கு வீடு தருவோரும் இல்லை.

மெனோனைட்டுகள் 16 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மறுதிருமுழுக்கு இயக்கத்திலிருந்து வளர்ந்த பிரிவினர். தம் நம்பிக்கைக்காகச் சிறையும் மரணதண்டனையும் கண்ட மரபு அவர்களுடையது. ஒன்ராறியோவின் கிச்சனர் பகுதியில் 1974 இல், பிறர் உடைமைகளைச் சேதப்படுத்திய இளைஞர் இருவரைப் பாதிக்கப்பட்டோரின் வீட்டு வாசலுக்கே அழைத்துச் சென்று இழப்பீடு பேசவைத்த முயற்சியிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. சீரமைப்பு நீதி என்னும் துறையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

தோற்றம்

சிறுவர்களுக்கு எதிரான குற்றங்களுக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவர் 1994 இல் விடுதலையாக இருந்தார். அவரை ஏற்பார் எவரும் இலர். அவரை முன்பே அறிந்திருந்த ஹரி நை என்னும் போதகரைச் சிறை உளவியலாளர் ஒருவர் தொடர்புகொண்டார். போதகரின் சபை மிகச் சிறியது. எனினும் சபையினர் சிலர் அவருக்குத் துணைநிற்க உடன்பட்டனர்.

அவர் வரும் செய்தி பரவியதும் நகரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் அஞ்சினர், காவல்துறை கண்காணித்தது, செய்தியாளர் திரண்டனர். பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றது எனச் சொல்ல இயலாது. அவருடைய கடந்தகாலம் அத்தகையது. குழுவினர் அவரை ஒளித்துவைக்காமல், காவல்துறையினருடனும் அயலவருடனும் பேச முன்வந்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்து இறக்கும் வரை அவர்மீது புதிய குற்றம் எதுவும் பதிவாகவில்லை. முதல் விடுதலைக்குச் சில மாதங்களின் பின் ரொறன்ரோவிலும் இதே போன்ற நிலை எழ, அங்கும் ஒரு வட்டம் அமைந்தது. பின்னர் ஒன்ராறியோ மெனோனைட் நடுவண் குழு இதனை ஒரு திட்டமாக ஏற்றது. கனடிய சிறைத்துறையின் சமயப் பணிப் பிரிவு நிதி வழங்கியது.

செயற்படும் முறை

வெளிவந்தவர் 'மைய உறுப்பினர்' எனப்படுவார். கைதி, குற்றவாளி என்னும் சொற்கள் தவிர்க்கப்படுகின்றன. அவருடன் நான்கைந்து தன்னார்வலர் சேர்ந்தால் ஒரு வட்டம். இவர்களுக்கு வெளியே உளவியலாளர், காவலர், சமூகப் பணியாளர் முதலியோர் வெளிவட்டமாக நின்று ஆலோசனை வழங்குவர். இணைவது மைய உறுப்பினரின் விருப்பம், எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

தொடக்கத்தில் எழுத்துமூலம் ஓர் உடன்படிக்கை செய்யப்படும். திருவிவிலியத்தில் கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவைக் குறிக்கும் அதே சொல்லை இதற்குத் தெரிந்தது தற்செயல் அன்று. வட்டம் வழக்கமாக வாரம் ஒருமுறை கூடும். வெளிவந்த முதல் நாட்களில் சந்திப்புகள் இன்னும் அடிக்கடி நிகழும். வீடு தேடுதல், வங்கிக் கணக்குத் தொடங்குதல், மருத்துவரிடம் உடன்செல்லுதல், பிறந்தநாள் கொண்டாடுதல் எனப் பெரும்பாலான வேலை மிகச் சாதாரணமானது. ஆனால் நேற்று எங்கே போனாய், யாருடன் பேசினாய் என்னும் கேள்விகளும் அங்கேயே எழும். வட்டத்துக்குள் இரகசியம் இல்லை. ஆபத்து நெருங்குவதாகத் தெரிந்தால் தன்னார்வலர் காவல்துறைக்கு அறிவிப்பர் என்பது மைய உறுப்பினருக்கு முதலிலேயே சொல்லப்படும்.

இறையியலும் விமர்சனமும்

சிறையிலிருப்பவரைச் சந்திப்பதைக் கிறித்துவையே சந்திப்பதாகக் கூறும் மத்தேயு நற்செய்தியின் 25 ஆம் அதிகாரம் இப்பணிக்கு அடிப்படை. அருள் தகுதி பார்த்து வழங்கப்படுவதன்று என்பது கிறித்தவக் கொள்கை. அதேவேளை அருள் என்பது நம்பிவிடுவதும் அன்று. மன்னிக்கப்பட்டவரையும் சிறுவர்களுடன் தனித்து விடாத ஏற்பாடாகவே வட்டம் இயங்குகிறது.

பாதிக்கப்பட்டோர் பலருக்குக் கிடைக்காத கவனிப்பு குற்றம் செய்தவருக்குக் கிடைப்பது முறையா என்பது முதன்மையான விமர்சனம். இதற்கு முழுமையான விடை இல்லை. புதிதாக எவரும் பாதிக்கப்படக் கூடாது என்பதே முதல் நோக்கம் என இயக்கத்தினர் கூறுவர். ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்கு அது ஈடாகாது.

ஆய்வுகள்

ராபின் வில்சன் குழுவினர் 2005 இல் வெளியிட்ட கனடிய ஆய்வில், வட்டத்தில் இருந்த 60 பேர் வட்டம் இல்லாத 60 பேருடன் ஒப்பிடப்பட்டனர். முதல் பிரிவினரிடையே பாலியல் மீள்குற்றம் 70 விழுக்காடு குறைவாக இருந்தது. 2009 இல், 44 பேர் கொண்ட பிரிவுகளுடன் நடந்த மற்றோர் ஆய்வில் இக்குறைவு 83 விழுக்காடு. எண்ணிக்கை சிறியது, வட்டத்தில் சேர முன்வந்தவர் முன்னரே மாற விரும்பியவராக இருக்கலாம். இந்த ஐயத்தை ஓரளவு நீக்கியது அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆய்வு. அங்கே குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 100 பேரைப் பற்றி 2018 இல் வெளியான முடிவின்படி, பாலியல் குற்றத்துக்கான மறுகைது 88 விழுக்காடு குறைந்தது.

பரவல்

இங்கிலாந்தில் குவேக்கர்களின் முயற்சியால் 2002 இல் தேம்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. அங்கு இது பெரிதும் சமயச் சார்பற்ற அமைப்பாக வளர்ந்தது. கனடாவில் சிறைத்துறை 2015 இல் நிதியை நிறுத்தியதால் வட்டங்கள் பல தடுமாறின. 2017 இல் நடுவண் அரசு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 75 இலட்சம் கனடிய டொலர் ஒதுக்கியது. இடைப்பட்ட காலத்தில் சில இடங்களில் தன்னார்வலர் நிதியின்றியே தொடர்ந்து கூடினர்.