மலாயாக் குடிபெயர்வும் குடிவழி தேடலும்: வட்டுக்கோட்டை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மேற்கிலுள்ள வட்டுக்கோட்டையிலிருந்து உத்தியோகம் தேடி மலாயா போனவர்களின் வழித்தோன்றல்கள், மூதாதையர் வாழ்ந்த வளவைத் தேடி ஊர் வருவது இன்று வழக்கமாகிவிட்டது.

அந்தப் பயணங்களுக்கு அடி கோலியது ஆங்கிலக் கல்வி. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன், 1823இல் டானியல் பூவர் தலைமையில் இங்கே செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கியது. அது 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதன் வழியில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மழையை நம்பிய வயல்களைக் கொண்ட ஊரில் படித்தவருக்குப் போதிய வேலை இல்லை. மலாயாவிலோ 1885இல் தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் பாதை திறந்தபின், ஆங்கிலம் அறிந்த கிளாக்கருக்கும் ஸ்டேசன் மாஸ்டருக்கும் தட்டுப்பாடு. தமிழகத் தொழிலாளர் தோட்டங்களுக்குப் போக, யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் கந்தோர்களுக்குப் போனார்கள். அந்த வேற்றுமையை அங்கேயும் பெருமையாகப் பேணியது பாராட்டத்தக்கதல்ல.

மலாயாக் காசு கல்வீடாகவும் சீதனமாகவும் கோயில் திருப்பணியாகவும் ஊர் திரும்பியது. கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கப்பலேறி வந்தார்கள். அவ்வாறே சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் 1915 பெப்ரவரி 25இல் வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயா சென்று, சிரம்பான் பக்கம் வளர்ந்தவர். இளைப்பாறி ஊர் வந்தவர்களை 'மலாயன் பென்சனியர்' என்றார்கள். வராமல் அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று தேடி வருகிறார்கள்.

தேடல் எளிதல்ல. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். மிசன் பதிவேடுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவித்தனர். செமினரியில் படித்த விசுவநாதபிள்ளை 'கறல்' ஆனது அந்த வழக்கத்தால்தான். 1983 இனக்கலவரத்துக்குப் பின் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டகங்களில் கிடந்த கடிதங்களும் படங்களும் பல இடங்களில் அழிந்தன.

மிசனின் ஞானஸ்நானப் பதிவைவிட நம்பகமான சாட்சி காணி உறுதி. யாழ்ப்பாணத்தில் காணித்துண்டுக்கே தனிப்பெயர் உண்டு. உறுதியில் பரப்புக் கணக்கோடு நாற்புற எல்லைக்காரரின் பெயர்களும், காணி முதுசமாகவோ சீதனமாகவோ வந்த வழியும் இருக்கும். இங்குள்ள சங்கரத்தையிலோ அயலிலுள்ள அராலியிலோ பாட்டனின் பெயரை மட்டும் சொன்னால் அதே பெயரில் பலரைக் காட்டுவார்கள்; காணியின் பெயரைச் சொன்னால் தேடல் எளிதாகும். ஆகவே வரவிருப்பவர்கள், வீட்டு முதியவர்கள் இருக்கும்போதே காணியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும்.