தொழுநோய்: கிருமி மடிந்த பின்னும் ஓயாத போர்

கொழும்புக்கு வடக்கே, வத்தளையை அண்டிய ஹெந்தளையில் 1708ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென ஒரு காப்பகம் அமைத்தனர். ஆங்கிலேயர் 1901இல் சட்டமே இயற்றி நோயாளரை ஒதுக்கி வைத்தனர். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் பின்னர் அவ்வாறான வைத்தியசாலையாயிற்று. நோர்வே மருத்துவர் ஹன்சன் 1873இல் கிருமியைக் கண்டறிந்தபின், கிருமியை ஒழித்தால் துயர் முழுவதும் தீரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை பாதிதான் பலித்தது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் செங்கல்பட்டில் மருத்துவர் ராபர்ட் கொக்ரேன் அவ்வகை மருந்தை நோயாளருக்கு வழங்கினார். கிருமிகள் மடிந்தன. ஆயினும் சிலருக்குச் சிகிச்சையின் நடுவிலேயே காய்ச்சல் கண்டது; தோலில் சிவந்த கட்டிகள் எழுந்தன; நரம்புகள் வீங்கின; நேற்றுவரை இயங்கிய கை இன்று சோர்ந்தது. மருந்தே தம்மைக் கெடுத்தது என்று நோயாளர் எண்ணியதில் வியப்பில்லை.

உண்மையில் அது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் நடத்திய போர். தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. நரம்பைச் சூழ்ந்த உயிரணுக்களுள் பதுங்கி வாழ்வது. அதனை இனங்காணும் காவல் உயிரணுக்கள் திடீரென வீறுகொண்டு நரம்புக்குள்ளேயே தாக்கும்போது, இறுகிய உறைக்குள் நரம்பு வீங்கி நசுங்குகிறது. இது முதல்வகை எதிர்வினை. கிருமிகள் மிகுந்த நோயாளரிடம் காண்பது இரண்டாம் வகை. அழிந்த கிருமிகளின் எச்சங்களுக்கு எதிராக எழும் அழற்சி தோல், கண், மூட்டு, விரை எனப் பரவும். இவ்விரண்டும் சிகிச்சைக்கு முன்னரோ, இடையிலோ, முடிந்த பின்னரோ வரலாம்.

இரண்டாம் வகைக்கு மருந்து கிடைத்த கதை விசித்திரமானது. கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கியதால் 1961இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து தாலிடோமைட். 1964இல் ஜெருசலேமில் மருத்துவர் ஷெஸ்கின், வலியால் உறக்கமிழந்த தொழுநோயாளருக்குத் தூக்கத்துக்காக அதைக் கொடுத்தார். சில நாட்களில் கட்டிகளே அடங்கின. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தின் சுரப்பை அம்மருந்து குறைக்கிறது என்பது 1991இல்தான் தெரியவந்தது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைப் பொறுத்தவரை அதன் ஆபத்து இன்றும் அப்படியே உள்ளது. முதல்வகைக்குப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகளே முதன்மையானவை.

உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை வென்றது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இலங்கை 1995இல் எட்டியது. எனினும் அங்கு இன்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர்.

இங்கேதான் ஓர் ஆபத்து. மாத்திரைகள் முடிந்து, "குணமாகிவிட்டது" என்று வீடு திரும்பியவருக்கு மாதங்கள் கழித்து நரம்பு வலியோ விரல் மரப்போ வந்தால், நோய் திரும்பிவிட்டதென அஞ்சி மறைக்கிறார். அல்லது அலட்சியம் செய்கிறார். சேதம் புதிதாக, ஆறு மாதத்துக்குட்பட்டதாக இருக்கும்போது சிகிச்சை தொடங்கினால் கையும் காலும் மீள வாய்ப்பு அதிகம். காலம் கடந்தால் ஊனம் நிலைத்துவிடலாம். ஆகவே நோயாளரை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே இச்செய்தியையும் சொல்லி அனுப்புவது மருத்துவரின் கடமை. பழைய அச்சத்தால் அவரை ஒளிந்துகொள்ளச் செய்யாதிருப்பது நம் எல்லோரின் கடமை.