கணவாய்க் காற்றும் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளும்

வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அரிசி, பருப்பு வணிகத்துக்காகப் பாலக்காட்டுக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. கல்லூரியில் வரலாறு பயின்றவனல்லன். கடையைச் சாத்திய பிறகு புத்தகத்தைத் திறந்தவன். ஆகவே நான் எழுதுவதில் தராசு வாசனை சற்று வீசும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர்க் களத்தில் நெல் தூற்றுவதற்குக் காற்று வரட்டும் என்று காத்துக் கிடப்போம். பாலக்காட்டிலோ காற்று நமக்காகக் காத்திருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று இவ்வழியே கோவைக்குப் போகும். மார்கழி, தை மாதங்களில் கீழ்காற்று கோவையிலிருந்து இங்கே வரும்.

காற்று போன வழியில்தான் வணிகனும் போனான். கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சமண முனிவருக்குச் சேர மரபினர் கற்படுக்கை அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. அங்கேயே கருவூர்ப் பொன் வணிகன் ஒருவனின் பெயரும் இருக்கிறது. கரூரையும் மேலைக் கடற்கரையையும் இணைத்தது இந்தக் கணவாய். பாலக்காட்டு ஜைனிமேட்டிலுள்ள சந்திரப்பிரபர் கற்கோயிலும் வணிகர் வந்த வழியின் சுவடே. குமாரன் ஆசான் 1907-இல் 'வீணபூவு' எழுதியது அந்த ஜைனிமேட்டில்தான். 1862-இல் போத்தனூரிலிருந்து பட்டாம்பிக்கு வந்த இருப்புப்பாதையும் இதே வழியைத்தான் பிடித்தது.

இந்தக் காற்றை மின்சாரமாக்கிய முதல் முயற்சி கஞ்சிக்கோட்டில் நடந்தது. கேரள மாநில மின்வாரியம் 1995-இல் தலா 225 கிலோவாட் திறனுள்ள 9 காற்றாலைகளை இங்கே நிறுவியது. மொத்தம் 2,025 கிலோவாட். கேரளத்தின் முதல் காற்றாலைப் பண்ணை இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் இவற்றைப் பார்க்க சைக்கிளிலேயே கிளம்பினேன். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். போகும்போது மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது, மிதிக்கவே தேவையில்லை. தேநீர்க் கடைப் பெரியவர், "ஏனுங்க, பஸ் இல்லீங்களா? இந்தக் காத்துல சைக்கிள்ல வந்திருக்கீங்க!" என்றார். "பஸ்ஸுல வந்தா காத்து தெரியாதுங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் காற்றாலையைக் காட்டினார். "இது மொதல்ல வந்தப்போ ஊரே திரண்டு வந்து பார்த்துச்சுங்க. இப்போ யாரும் தலை நிமிர்ந்துகூடப் பாக்கறதில்லே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று இறக்கைகள் மெதுவாகச் சுழல்கின்றன. உள்ளே பல்சக்கரங்கள் அந்த வேகத்தைப் பெருக்கி மின்னாக்கியைச் சுழற்றுகின்றன. காற்று திசை மாறினால் தலைப்பகுதி தானே அதை நோக்கித் திரும்பும். வணிகக் கணக்கிலே சொன்னால், காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால்தான் காற்றாலைக்காரர்கள் கணவாயையும் மலைவிளிம்பையும் தேடிப் போகிறார்கள். இடுக்கி எல்லையில் ராமக்கல்மேட்டில் நின்றால் கீழே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு தெரியும். பின்னாளில் அங்கே வந்த காற்றாலைகள் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைவிடப் பெரியவை.

திரும்பும்போது அதே காற்று நெஞ்சிலே கைவைத்துத் தடுத்தது. பொழுது சாய்வதற்குள் உண்டுவிட வேண்டிய எனக்கு, வீடு சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. அன்று வழியெல்லாம் ஒரே யோசனைதான்.

நெதர்லாந்தில் கிண்டர்டைக் என்ற ஊரில் 19 பழைய காற்றாலைகள் உள்ளன. தாழ்நிலத்து வெள்ளத்தை இறைத்து வெளியேற்றுவதற்காக, பெரும்பாலும் 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. நீராவியும் மின்சாரமும் வந்த பிறகும் அவற்றை இடிக்காமல் செப்பனிட்டுக் காத்தார்கள். 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. காற்றாலை, நீராலை இயக்கும் கைத்தொழிலையே 2017-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மக்கள் சைக்கிளில் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

நம் காற்றாலை இயந்திரங்களுக்கு 20 முதல் 25 ஆண்டு ஆயுள் என்பது பொதுக் கணக்கு. 1995-இல் வந்தவை அதைத் தாண்டிவிட்டன. நல்ல காற்றுள்ள இடத்தில் பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை வைப்பதே லாபம். அதை ஒரு வியாபாரி மறுக்க முடியாது. ஆனால் ஒன்பதில் ஒன்றையாவது இறக்கைகளோடு செப்பனிட்டு, அது நின்ற மண்ணிலேயே நிறுத்த வேண்டாமா? இன்னொன்றின் பல்சக்கரத்தையும் மின்னாக்கியையும் தரையில் திறந்து வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். அவற்றை ஏற்றி இறக்கிப் பராமரித்த தொழிலாளர்களின் வாய்மொழியையும் இப்போதே பதிவு செய்யலாம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தகப்பனார் ஐம்பது வருஷம் நிறுத்த இரும்புத் தராசை, மின்னணுத் தராசு வாங்கிய மாதமே பழைய இரும்புக்குப் போட்டவன் நான். கிடைத்த பணம் என்ன ஆயிற்றென்று நினைவில்லை. "தாத்தா தராசு எப்படி இருக்கும்?" என்று பேரன் கேட்டபோது இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்; அவ்வளவுதான் காட்ட முடிந்தது.

பிழைப்புத் தேடி இந்தக் கணவாய் வழியாக வந்த நாம், அதன் காற்றை முதலில் வேலை வாங்கிய இயந்திரத்தையும் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. நம் சங்கம் உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.