பைத்தான் 2: ஆதரவு நிறைவு

ஒரு நிரல்மொழியின் பழைய பதிப்புக்குப் பிழைத்திருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும் வெளியிடுவதை அதன் ஆக்கக் குழுவினர் நிறுத்திக்கொள்வது ஆதரவு நிறைவு எனப்படும். அதன் பின்னும் நிரல்கள் ஓடும்; புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இருக்காது. இவ்வகை முடிவுகளில் மிகுதியாக விவாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று பைத்தான் 2 பற்றியது.

கைடோ வான் ரோசம் 1991இல் பைத்தானை வெளியிட்டார், 2.0 பதிப்பு 2000 அக்டோபர் 16 அன்று வந்தது.

2008 டிசம்பர் 3 அன்று வெளியான 3.0, பழைய நிரல்களோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தே வடிவமைக்கப்பட்டது. பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. 3ஐ 2ஆல் வகுத்தால் 1 என வந்த விடை 1.5 ஆனது. எல்லாவற்றிலும் ஆழமான மாற்றம் எழுத்துச்சரத்தில் நிகழ்ந்தது: முன்பு பைட்டுகளின் வரிசையாக இருந்த சாதாரணச் சரம் யூனிகோடுக்கு மாறியது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் யூடிஎஃப்-8 முறையில் பைத்தான் 2இல் 15. பைத்தான் 3இல் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. மூன்றெழுத்து என்ற நம் கணக்கு இதிலும் வருவதில்லை. ஆனாலும் ஓர் எழுத்தின் பைட்டுகளை நடுவில் வெட்டிவிடும் பழைய தொல்லை பெரிதும் தீர்ந்தது.

இவ்வளவு பெரிய முறிவு தேவைதானா என்பதில் நிரலாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

2010 ஜூலை 3 அன்று வந்த 2.7 பதிப்புக்கு 2015 வரை ஆதரவு என்று முதலில் திட்டமிடப்பட்டது. 2.8 வராது என்பதை அறிவிக்கவே ஒரு முன்மொழிவு ஆவணம் 2011இல் எழுதப்பட்டது. அதன் எண் 404. இல்லாத வலைப்பக்கத்தைத் தேடுவோருக்குக் கிடைக்கும் பிழை எண்ணை மனத்தில் கொண்டே இது இடப்பட்டிருக்க வேண்டும்.

நிறுவனங்கள் மெதுவாகவே மாறின. 2014 ஏப்ரலில் மான்ட்ரியாலில் நடந்த பைகான் மாநாட்டில் கெடு 2020க்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.7.9, பைத்தான் 3இன் இணையப் பாதுகாப்பு வசதிகள் சிலவற்றைப் பழைய பதிப்புக்கும் கொண்டுவந்தது. கைவிடப்போகும் பதிப்பையும் அதன் பயனர்களுக்காக அக்கறையோடு பேணியது இக்குழுவின் பெருமைக்குரிய செயல்.

‘2020’ என்றால் ஆண்டின் தொடக்கமா, இடையில் வரும் மாநாடா என்ற ஐயம் சில காலம் நீடித்தது. ஜனவரி 1தான் என்று வான் ரோசம் 2018 மார்ச்சில் தெளிவுபடுத்தினார். இதற்குள் நூலகங்கள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கியிருந்தன. ஜாங்கோ 2.0 (2017 டிசம்பர்) பைத்தான் 3இல் மட்டுமே ஓடியது. நம்பையில் பைத்தான் 2ஐ ஏற்ற கடைசி வரிசை 1.16.

கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரல் 20 அன்று. ஆகவே முடிவுநாள் ஜனவரி 1 என்போரும் உண்டு, ஏப்ரல் 20 என்போரும் உண்டு. முன்னதே அதிகாரபூர்வ நாள். அன்றோடு நிரல்மூலம் முடக்கப்பட்டது, பின்னது அதன் தொகுப்பே எனக் கொள்வது பொருத்தம். ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸ் 8ஆம் பதிப்பில் 2.7க்கு 2024 ஜூன் வரை ஆதரவளித்தது.

3.9 முதல் ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டிப் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு. பிற்பகுதியில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், அவையும் மூலநிரல் வடிவில் மட்டும் கிடைக்கும். 3.8 பதிப்பின் ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்தது.